இடம் விடாமல் நில்லுங்கள்

நவம்பர் மாதம் ஒரு காலை, நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது செங்கேணி அண்ணி போன் செய்தாள்.

"பரிமளா, ஓட்டர் லிஸ்ட்ட திருத்துறாங்களாம். அங்கன்வாடி அம்முலு வூடு வூடா வந்துக்கினு கீது. உன் பேரு இன்னும் நம்ம வூட்லதான் கீது. இன்னா சொல்லட்டும்?"

அண்ணனும் அண்ணியும் சாலவாக்கத்துக்குப் பக்கத்தில், நான் பிறந்த ஊரின் காலனியில் இருக்கிறார்கள். எனக்குக் கல்யாணமாகி மேடவாக்கத்துக்கு வந்து பதினைந்து வருடம் தாண்டிவிட்டது. ரேஷன் கார்டு இங்கே வந்துவிட்டது. காஸ் இணைப்பு, ஆதார் விலாசம் எல்லாம் வந்துவிட்டன. ஓட்டு மட்டும் வரவில்லை.

"எதுவும் சொல்லாத அண்ணி. நானே வரேன்."

"ஒரு கையெழுத்துக்கா அத்தினி தொலவு வருவ? இருக்காங்களா, போய்ட்டாங்களான்னுதான் கேக்குது. இருக்கன்னு சொல்லட்டா, போய்ட்டன்னு சொல்லட்டா?"

"ரெண்டும் சொல்லாத."

"அப்போ ஊசலாடிக்கினு கீறன்னு சொல்றன்," என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

போனை வைத்ததும் எனக்கு என் பெயரைப் பற்றிய கவலை வரவில்லை. கீர்த்தியின் பெயரை என்ன செய்வார்கள் என்றுதான் நினைத்தேன். அவளும் என்னைப்போலவே ஊரை விட்டுப் போனவள், ஓட்டை மட்டும் விட்டுவைத்தவள். அவள் பெயரை எடுத்துவிட்டால் நாங்கள் சந்திக்க நாள் இல்லை.

கீர்த்தி ஊர்ப் பக்கம், நான் காலனிப் பக்கம். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்ச். சாலவாக்கம் பள்ளியிலிருந்து டவுன் பஸ்ஸில் ஒரே சீட்டில் வருவோம். இறங்கி ஏரிக்கரையில் பேசிக்கொண்டே நடப்போம். கரை முடிந்து ஊர் தெரியத் தொடங்கும் இடத்தில் அவள் வேகமாக நடப்பாள், நான் மெதுவாக நடப்பேன். அப்படிச் செய்யச் சொல்லி எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. இருவருக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகும் அளவுக்கு இடம் விழுந்த பிறகுதான் அவள் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். அவள் வீட்டுக்குள் நான் போனதில்லை. எங்கள் தெருமுனைக்கு மேல் அவள் வந்ததில்லை.

நாங்கள் முதல்முறை ஓட்டுப் போட்டது நான் கல்லூரியில் படிக்கும்போது. வாக்குச்சாவடி ஊர்ப் பக்கத்துத் தொடக்கப்பள்ளி. ஊர்ப் பெண்கள் விடிந்ததும் குளித்துத் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு போய்ப் போட்டுவிடுவார்கள். காலனிப் பெண்கள் களை எடுத்து முடித்துப் பத்து மணிக்கு மேல் போவார்கள். "அவங்க முடிச்சிட்டு வரட்டும், அப்புறம் போவலாம்" என்று அம்மா சொல்லுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. அன்றைக்கு நான் வரிசையில் நின்றபோது எனக்குப் பின்னால் கீர்த்தி வந்து நின்றாள். வயிற்று வலி என்று சொல்லி, வீட்டுப் பெண்களோடு போகாமல் படுத்துக்கொண்டிருந்தாளாம்.

பின்னால் என்றால் ஒட்டி அல்ல. இரண்டு கை தூரத்தில்.

பாதுகாப்புக்கு வந்திருந்த போலீஸ்காரம்மா வெளியூர். வெயிலில் முகம் சிவந்துபோய் வரிசையின் வால் ரோட்டுக்குப் போவதைப் பார்த்துக் கத்தினார். "ஏம்மா, நடுவுல தேரா போவுது? எடம் வுடாம நில்லுங்க!"

கீர்த்தி முன்னால் வந்தாள். வந்தவள் என் தோளில் கை வைத்துக்கொண்டாள். அவள் தலையின் சீயக்காய் வாசனை என் கழுத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எதிரே உறுத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஊர் ஆண்களில் ஒருவராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சொன்னது போலீஸ். வகுப்பறை வாசல் வரை அந்தக் கை அப்படியே இருந்தது. மிஷின் நீளமாகக் கத்தியதோ, நான் அழுத்திய சின்னமோ எனக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை. தோளில் இருந்த சூடுதான் ஞாபகம் இருக்கிறது.

வெளியே வந்து கைப்பம்பு ஓரத்தில் இரண்டு பேரும் விரலை நீட்டி ஒப்பிட்டோம். "உனக்கு ஒழுங்கா வெச்சிக்கிறாங்க. எனக்கு மட்டும் ஈஷி வுட்டுட்டாங்க பாரு," என்றாள்.

பிறகு அவளை வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்தார்கள். அவள் அப்பா இறந்ததும் அண்ணன்கள் நிலத்தை விற்றுவிட்டுக் காஞ்சிபுரத்துக்குப் போய்விட்டார்கள். பிறந்த ஊரில் அவளுக்கு வீடும் இல்லை, ஆளும் இல்லை. ஓட்டு இருந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைச் சொல்லிக்கொண்டு வந்தாள். "போடலன்னா ரேஷன கட் பண்ணிடுவாங்க அத்தே" என்று மாமியாரிடம் சொல்லிவைத்திருந்தாள். அந்த அம்மா பயந்துபோய் முதல்நாளே மூட்டை கட்டிவைத்து, விடிந்ததும் அனுப்பிவிடுவாராம்.

ஓட்டுப் போட்ட கையோடு அவள் ஸ்கூட்டியில் திருமுக்கூடலுக்குப் போவோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருகிற இடம். நாங்கள் போகிற மாதங்களில் பெரும்பாலும் மணல்தான் சேர்ந்திருக்கும். கோயில் தெரிகிற மாதிரி ஒரு நிழலில் உட்கார்ந்து, அவள் கொண்டுவந்த புளிச்சோற்றையும் நான் கொண்டுபோன கருவாட்டுத் தொக்கையும் பிசைந்து தின்போம். அவள் புகுந்த வீட்டில் கருவாடு வாசலைத் தாண்டாது. ஒரே பாட்டில் தண்ணீரை மாற்றி மாற்றி வாய் வைத்துக் குடிப்போம். யாருக்குப் போட்டாய் என்று மட்டும் ஒருவரை ஒருவர் கேட்டதில்லை. சாயங்காலம் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதற்குப் பிறகு நகத்தில் இருக்கும் மைக்கோடு வளர்ந்து வளர்ந்து நுனிக்குப் போய் வெட்டுப்படும் வரை நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கொரோனா வருடத் தேர்தலில் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். கையில் பிளாஸ்டிக் உறை கொடுத்து, ஆளுக்கொரு வட்டத்தில் நிற்கச் சொன்னார்கள். கீர்த்தி பின்னால் இருந்த வட்டத்திலிருந்து மாஸ்கை இறக்கி, "நம்ம ஊரு பழையபடிக்கே வந்துட்ச்சி பாருடி," என்றாள். வரிசையே திரும்பிப் பார்க்கும்படி நான் சிரித்தேன்.

என் தொழில் தேர்தல்தான். நான்கு நாடுகளில் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஏன் ஓட்டுப் போடுகிறார்கள், ஏன் போடுவதில்லை என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வில் இந்தியப் பகுதியை நான் பார்க்கிறேன். கானாவுக்கு அகோசுவா. இந்தோனேசியாவுக்கும் போலந்துக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அண்ணி போன் செய்த அதே வாரத்தில் நால்வரும் கணினித் திரையில் கூடினோம்.

"பரிமளா, உன் மாவட்டத்தில் ஒன்று எனக்குப் புரியவில்லை," என்றாள் அகோசுவா. "கல்யாணமாகி வெளியூர் போன பெண்கள் சிலர் பிறந்த ஊருக்குத் திரும்பி வந்து ஓட்டுப் போடுகிறார்கள். எங்கள் ஊரிலும் சொந்த ஊருக்குப் போய்ப் போடுகிறவர்கள் உண்டு. ஆனால் அவர்களுக்கு அங்கே நிலமோ தலைவர்களோ இருப்பார்கள். உன் பெண்களுக்கு அங்கே எதுவுமே இல்லை. பின் ஏன்?"

நான் வாய் கூசாமல் பதில் சொன்னேன். ஆவணங்களை மாற்றுவதில் உள்ள சிரமம், பிறந்தகத்தில் உரிமையைத் தக்கவைக்கும் விருப்பம், பழக்கம். "ஓட்டுப் போடாவிட்டால் ரேஷன் நின்றுவிடும் என்ற அச்சம்" என்றும் ஒரு காரணம் எங்கள் அட்டவணையில் இருக்கிறது. கூரம் பக்கத்தில் ஒரு வயதான அம்மா சொன்னதை நானே அப்படிக் குறித்தேன். யார் கண்டது, அந்த அம்மாவுக்கும் கீர்த்தி மாதிரி ஒரு மருமகள் இருந்திருக்கலாம்.

"நீயும் பிறந்த ஊரில்தானே போடுகிறாய்? நீ இதில் எந்தக் கட்டம்?"

"மற்றவை," என்றேன்.

அகோசுவா சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அங்கன்வாடிக்குள் நுழையும்போதே உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டது. அம்முலுவுக்கு முன்னால், குழந்தைகள் உட்காரும் சின்ன நாற்காலியில் முழங்கால் முகவாயைத் தொடும்படி கீர்த்தி உட்கார்ந்திருந்தாள். தேர்தல் இல்லாத ஒரு நாளில் அவளைப் பார்ப்பது எனக்குத் திக்கென்றது. சாதாரணப் புடவை, எண்ணெய் வழியும் முகம், விரலில் மை இல்லை.

"ரெண்டு பேரும் பேசிவெச்சிக்கினா வந்தீங்க?" என்றாள் அம்முலு.

"இல்லக்கா," என்று கீர்த்தி என்னைப் பார்க்காமல் சொன்னாள். "எம் பேர எடுத்துடுங்க. அங்க சேத்துக்கறேன்."

அம்முலு பேனாவோடு என் பக்கம் திரும்பினாள். "உன்து?"

"சாயந்திரம் சொல்றேன்கா."

அவள் ஸ்கூட்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன். திருமுக்கூடலில் அந்த வருடம் மழை நன்றாகப் பெய்து ஆற்றில் தண்ணீர் ஓடியது. நாங்கள் வழக்கமாக உட்காரும் இடம் தண்ணீருக்குள் இருந்தது. கரையில் மேடாக ஒரு இடம் பார்த்து உட்கார்ந்தோம். சோறு இல்லை, தொக்கு இல்லை.

"போன்ல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"போன்ல சொன்னா நீ அழுவ. இல்லன்னா ஆராய்ச்சி பண்ணுவ. ரெண்டுமே பேஜாரு."

"ஏன் எடுத்துட்ட?"

"நிக்கலாம்னு கீறன்."

"எங்க?"

"எங்கன்னா இன்னா, பஸ் ஸ்டாண்ட்லயா? தலைவருக்குத்தான். இந்த வாட்டி எங்க பஞ்சாயத்து பொம்பளைக்கு வந்துடும்ன்றாங்க. அங்க ஓட்டு இருந்தாத்தான் நிக்க வுடுவாங்களாமே, உனக்குத் தெரியாததா?"

தெரியும். "உன் வூட்டுக்காரு மோகன்குமார் இன்னா சொன்னாரு?"

"நீ பேருக்கு நில்லு, மத்தத நான் பாத்துக்கறன்னாரு. நீ ஒண்ணும் பாக்க வேணாம், ஓட்ட மட்டும் எனக்குப் போடு, அது போதும்னேன். ரெண்டு நாளு மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருந்தாரு. அப்புறம் அவரே போயி எனக்கு போட்டோ புடிக்க ஆள இட்டுக்கினு வந்தாரு."

எங்கள் ஆய்வின் முகப்புப் படத்தில் ஒரு அம்புக்குறி உண்டு. வாக்காளராக மட்டும் இருந்த பெண் வேட்பாளர் ஆவதுதான் அந்த அம்பின் முனை. நான்கு நாடுகளிலும் அப்படி ஒருத்தி கிடைத்தால் நாங்கள் கொண்டாடுவோம். இப்போது அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றித் தட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கோ, விளையாட்டிலிருந்து பாதியில் கூட்டிக்கொண்டு போகப்பட்ட குழந்தை மாதிரி இருந்தது.

"நல்லதுதான்," என்றேன்.

"ஐய, அந்த மூஞ்சப் பாரு. கருமாதிக்கு வந்தவ மாரி."

"அப்ப நாம?"

அவள் செருப்பைக் கீழே போட்டாள். "வேற நாளுல பாத்துக்கினா ஆவாதா?"

"இத்தனை வருஷம் பாக்கலயே."

ஏன் பார்க்கவில்லை என்று இருவருக்குமே தெரிந்திருந்தது. பார்ப்பதென்றால் ஒரு வீடு வேண்டும். யாராவது ஒருத்தி வா என்று சொல்லவேண்டும். வந்தவளை எங்கே உட்காரவைப்பது, எதில் தண்ணீர் கொடுப்பது என்று யாரோ ஒருவர் யோசிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். வரிசையில் அந்தத் தொல்லை இல்லை. ஒட்டி நிற்பது அங்கே அரசாங்கத்தின் உத்தரவு. இருபது வருடமாக நாங்கள் அந்த உத்தரவின் நிழலிலேயே ஒதுங்கியிருந்தோம்.

"எங்க ஊர்ல காலனிக்கு வேற பூத்து பரி," என்றாள் கீர்த்தி மெதுவாக. "கல்யாணமான புதுசுலயே கேட்டுக்கினேன். அதான் இத்தினி நாளு மாத்தல. அங்க போயி யாரு பின்னாடி நிப்பேன்னு."

"இப்ப?"

"இப்ப அங்கதான நிக்கணும்." செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏதோ கடையில் விலை கேட்பதுபோலச் சொன்னாள். "மொதல்ல எம்.எல்.ஏ. எலக்சன்தான வருது, அன்னிக்கு வூட்டுக்கு வாயேன். உன் ஓட்ட போட்டுட்டு மத்தியானத்துக்கு வந்துடு. சாப்புடலாம்."

முப்பத்தைந்து வருட சிநேகிதத்தில் அந்தச் சொல்லை இப்போதுதான் கேட்டேன். "பாக்கலாம்," என்றேன்.

"ஆராய்ச்சிக்காரி பதில பாரு. தெரியாது, சொல்ல விருப்பமில்ல. இதுல எந்தக் கட்டத்துல உன்ன போடறது?"

சாயங்காலம் அம்முலுவிடம் என் பெயரையும் எடுத்துவிடச் சொன்னேன். அண்ணிக்கு முகம் விழுந்துவிட்டது. "இனிமே எலக்சனுக்குக் கூட வரமாட்ட," என்றாள். எனக்குக் கோழிக்குழம்பை ஊற்றும்போது, "வூட்ட காலி பண்ணவ மாரி கீது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் தேர்தலுக்கு முந்தின வாரம் அவளே கருவாட்டுத் தொக்கு கிண்டி, யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தாள். எதற்கென்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மேடவாக்கத்தில் வாக்குச்சாவடி ஒரு பெரிய பள்ளிக்கூடம். மின்விசிறி, நாற்காலி, தண்ணீர் கேன் எல்லாம் இருந்தன. எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கும் எனக்கும் நடுவில் தாராளமாக இடம் இருந்தது. பின்னாலும் அப்படியே. யாரும் யாரையும் நெருங்கச் சொல்லவில்லை. எல்லோரும் முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு மௌனமாக நகர்ந்தோம். என் தோள் லேசாக இருந்தது. மை வைத்த விரலைக் காட்ட ஆளில்லாமல், வீட்டுக்கு வந்து என் கணவர் ஐசக்கிடம் காட்டினேன். "ஒழுங்கா வெச்சிருக்காங்க," என்றார் அவர். அவர் என்ன செய்வார், பாவம்.

உடனே தொக்கு டப்பாவோடு கீர்த்தி ஊருக்குக் கிளம்பினேன். வந்தவாசி பஸ் உத்திரமேரூரில் கொஞ்சநேரம் நின்றது. அகோசுவா ஒருமுறை இங்கே வந்து, கோயில் சுவரில் இருக்கும் குடவோலைக் கல்வெட்டைக் கையால் தடவிப் பார்த்தாள். ஆயிரம் வருடத்துக்கு முந்தின தேர்தல் விதிகள் என்றதும் அவளுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. நிலம் வைத்திருக்கவேண்டும், சொந்த மனையில் வீடு இருக்கவேண்டும் என்று நான் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டே போனேன். "உன் வீட்டார் இதில் இருந்திருப்பார்களா?" என்று கேட்டாள். "தூரத்தில் இருந்திருப்பார்கள்," என்றேன். அந்தக் கோயில் தெரிகிற இடத்தில்தான் கல்லூரி நாட்களில் நான் பஸ்ஸுக்குக் காத்திருப்பேன். ஜன்னல் வழியாக இப்போது அதைப் பார்த்தபோது எனக்குக் கல்வெட்டு நினைவுக்கு வரவில்லை. மடியில் இருந்த தொக்கு டப்பா நகராமல் இருக்கவேண்டுமே என்றுதான் இருந்தது. இதைக் கொண்டுபோகிறேனே, இது அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டாதே என்று வந்தவாசி வரை நினைத்துக்கொண்டே போனேன். இறங்கி அப்படியே திரும்பிவிடலாம் என்றும் நினைத்தேன்.

கீர்த்தி வீட்டில் இல்லை. தெருப் பெண்களை அழைத்துக்கொண்டு பூத்துக்குப் போயிருந்தாள். அவள் மாமியார் ஆதிலட்சுமி அம்மா வாசலில் நின்றார்.

"யாரும்மா?"

"கீர்த்தியோட பள்ளிக்கூடத்துல படிச்சவங்கம்மா. அவங்க பொறந்த ஊரு."

"அப்டியா, வாம்மா." முகம் மலர்ந்தது. பிறகு, நான் எதிர்பார்த்துக்கொண்டே வந்த கேள்வி. "ஊர்ல எந்தத் தெரு?"

எந்தத் தெரு என்று ஆயிரம் பேரிடம் நான் கேட்டிருக்கிறேன். பதிலைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன்.

"காலனிம்மா."

அவர் முகம் மாறவில்லை. மாறக்கூடாது என்று அவர் முயன்றதைத்தான் பார்த்தேன். "உக்காரு, வந்துடுவா," என்று வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டிவிட்டு உள்ளே போனார். வரும்போது கையில் ஒரு தண்ணீர் பாட்டில். கடையில் விற்கிற, மூடி திறக்காத பாட்டில். குளிரில் வேர்த்திருந்தது. மரியாதைக்குக் கொடுத்தாரா, சொம்பைக் காப்பாற்றக் கொடுத்தாரா என்று யாராலும் சொல்லமுடியாது. அதற்கு எங்கள் அட்டவணையில் கட்டமும் கிடையாது. அதை மடியில் தொக்கு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திறக்கவில்லை.

கீர்த்தி வியர்த்து விறுவிறுத்து வந்தாள். என்னைப் பார்த்ததும் தெரு நடுவிலேயே நின்றுவிட்டாள். பிறகு வேகமாக வந்து முதலில் தன் விரலை நீட்டினாள். நான் என் விரலைப் பக்கத்தில் வைத்தேன். இந்த வருடமும் அவளுக்குத்தான் ஈஷியிருந்தது.

"உங்க ஊராமே," என்றார் மாமியார்.

"ஆமா அத்தே. இவ பின்னாடி நின்னுதான் இத்தினி வருசமா ஓட்டு போட்டுக்கினு இருந்தேன்." என் மடியிலிருந்த பாட்டிலை எடுத்தாள், மூடியைத் திருகினாள், வாய் வைத்து மடக்மடக்கென்று பாதியைக் குடித்தாள். "சாவடிக்கிற வெயிலு," என்று மீதியை என்னிடம் நீட்டினாள். ஆற்று மணலில் நீட்டுவதுபோலவே. நான் வாங்கிக் குடித்தேன். ஆதிலட்சுமி அம்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

"டப்பால இன்னா?" என்று மோப்பம் பிடித்தாள். "அடிப்பாவி, செங்கேணி அண்ணி கைப்பக்குவம்! எழுந்துரு, இன்னாத்துக்கு வெளிய உக்காந்துக்கினு கீற?"

வாசற்கால் குறுகல். ஒருவர் பின் ஒருவராகத்தான் நுழையமுடியும். நான் தயங்கி நின்றேன். பின்னாலிருந்து கீர்த்தி என் தோளில் கை வைத்தாள்.

"போடி. எடம் வுடாம போ."

ஆதிலட்சுமி அம்மா ஓரடி நகர்ந்தார். வழி விட்டு நகர்ந்தாரா, மேலே படாமல் விலகி நகர்ந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. தோளில் கை இருந்ததால் நான் திரும்பிப் பார்க்கவில்லை.